மார்க்கும் ஜெரமியும் கே.கே. நகர் மாடி போர்ஷனும்

'பீப் ஷோ' பார்த்திருக்கீங்களா மக்களே? பார்க்காதவங்களுக்காகச் சின்னதா ஒரு முன்கதை. பிரிட்டனின் சேனல் 4இல் 2003 முதல் 2015 வரை ஒன்பது சீசன், 54 எபிசோட் வந்த காமெடி சீரியல். தெற்கு லண்டனில் குரோய்டன். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு ஃப்ளாட். கடன் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மார்க். அவனோடு காலேஜில் படித்த, தன்னை இசைக்கலைஞன் என்று சொல்லிக்கொண்டு உருப்படியா எந்த வேலைக்கும் போகாத ஜெரமி. வீடு மார்க்குடையது. ஜெரமி வாடகை தரணும். தந்துட்டாலும்...!

விசேஷமே கேமராதான். எல்லா ஷாட்டும் யாரோ ஒருத்தர் கண் வழியாத்தான் தெரியும். கூடவே மார்க், ஜெரமி ரெண்டு பேர் மனசுக்குள்ள ஓடுறதும் நம்ம காதில் விழும். வாய் ஒண்ணு சொல்லும், மனசு வேற கணக்கு போடும். எழுதினவங்க ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங், சாம் பெய்ன். (பின்னாடி 'சக்ஸஷன்' உருவாக்கினது இந்த ஆம்ஸ்ட்ராங்தான்.)

நம்ம ஊர்ல இதுக்குப் பக்கத்தில் வர்றது பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', 1980. டெல்லியில் வேலை தேடும் பசங்க, ஒரே ரூம். வயிறு காய்ந்தாலும் வெளியே தெரியாமல் இருக்க, சாப்பிடுற மாதிரி நடிப்பாங்க. அதில் ரூம்மேட்டுகள் ஒண்ணா சேர்ந்து வெளியாளிடம் மறைக்கிறாங்க. பீப் ஷோவில் ஒருத்தனிடம் ஒருத்தன் மறைக்கிறான். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் கஷ்டம்.

அதே பாலசந்தரின் கவிதாலயா 2020இல் தயாரிச்ச 'டைம் என்ன பாஸ்' கூட இந்த வகைதான். ஐ.டி. பையன் பரத்தோட ஃப்ளாட்டில் வேற வேற காலத்திலிருந்து வந்தவங்க தங்குவாங்க. பொருந்தாத ஆட்களை ஒரே வீட்டில் அடைக்க டைம் டிராவல் எதுக்குய்யா? திருச்சியில் "பேச்சிலருக்கு வீடு இல்லை தம்பி"ங்கிற ஒரு வரி போதாதா? :-)

கே.கே. நகரில் அடுக்குமாடியை விட மாடி போர்ஷன்தான் எங்களை மாதிரி ஆட்களுக்குக் கிடைக்கும். கீழே ஹவுஸ் ஓனர், மேலே நாங்க ரெண்டு பேர். நான் நவல்பட்டு ஐ.டி. பார்க் போறவன், நண்பன் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். அவன் பங்கு வாடகை வந்து நாலு மாசம் ஆச்சு. கேட்டா பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போயிடுவான். அங்கே அவங்கப்பா கடையில் உட்கார வெச்சுட்டா படிப்பு அதோட சரி. அதனால நான் கேட்கலை. தயங்கித் தயங்கி அவனே ஒரு தடவை ஆரம்பிச்சான். "விடுடா, பாத்துக்கலாம்"னேன். அந்த நேரத்தில் என் மண்டைக்குள்ள ஓடினதை ஆம்ஸ்ட்ராங்கும் பெய்னும் கேட்டிருந்தா பத்தாவது சீசனே எடுத்திருப்பாங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க, பீப் ஷோ பார்த்து என்னை விட அதிகமா சிரிக்கிறது அவன்தான். ஜெரமி வாடகைக்கு டிமிக்கி கொடுக்கிற சீன் வந்தா மட்டும், தண்ணி குடிக்க எழுந்து போயிடுறான்.