கிழக்கு நோக்கிய ஆலயம்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். சமயக் கருத்துகளுக்காக மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், 1636இல் இங்கே பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். மனச்சான்றின்படி வழிபடும் உரிமை எவருக்கும் உண்டு என்பது அவர் கொள்கை.

அதனை நம்பி வந்த யூதர்கள், கடற்கரை நகரான நியூபோர்ட்டில் 1763இல் எழுப்பியதே டூரோ ஆலயம். அந்நாட்டில் எஞ்சியுள்ள யூத ஆலயங்களுள் இதுவே மிகப் பழைமையானது. வழிபடுவோர் ஜெருசலேம் இருக்கும் கிழக்குத் திசையை நோக்க வேண்டும் என்பதற்காக, வீதிக்கு நேராக அமையாமல் சற்றே திரும்பி நிற்கிறது. உள்ளே மேல்மாடத்தைத் தாங்கும் பன்னிரண்டு தூண்கள் இஸ்ரேலின் பன்னிரு குலங்களைக் குறிப்பன.

விடுதலைப் போருக்குப் பின் நகரின் வணிகம் நலிந்தது. யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேற, வழிபாடு நின்று கதவுகள் அடைபட்டன. ஆலயத்தின் முதல் குருவான ஐசக் டூரோவின் மைந்தர் ஆபிரகாம், 1822இல் மறைந்தபோது, அதன் பராமரிப்புக்கென 10,000 டாலரை உயிலில் எழுதிவைத்திருந்தார். வழிபட ஆளில்லாத அந்நாள்களில் ஆலயத்தைப் பேணியவரோ, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரான ஸ்டீபன் கூல்ட்.

1883இல் அங்கே நிலையான வழிபாடு மீண்டும் தொடங்கியது. பிற சமயத்தார் ஒருவர் காத்த ஆலயத்தில், உரியவர்கள் மறுபடியும் கிழக்கு நோக்கி நின்றனர். ரோஜர் வில்லியம்ஸின் கொள்கை அங்கே வாழ்க்கையாகியிருந்தது.