நீங்காத பனி

ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே, ஒருநாட் காலை கண்விழித்த ஒருவர், "ஏ புள்ள, இன்னும் பனி விலகலையா?" என்று மனைவியிடம் கேட்டார். வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. முந்திய மாலை அவர் கசிப்பு அருந்தியிருந்தார். போதை தெளியவில்லையென எண்ணிய மனைவி, அவரைத் தூங்கவிட்டுக் கொழுந்து பறிக்கச் சென்றுவிட்டாள். மாலையிலே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் உயிர் பிழைத்தார், பார்வை பிழைக்கவில்லை.

லயத்திலே அதற்குப் பெயர் 'தண்ணி'. இரசாயனவியலும் ஒரு குடும்பப் பெயரையே வழங்குகிறது: அற்ககோல். காபன் அணுவோடு ஐதரொட்சில் கூட்டம் இணைந்தவை அக்குடும்பத்தைச் சார்ந்தன. காபன் ஒன்றாயின் மெதனோல், இரண்டாயின் எதனோல். கள்ளிலும் சாராயத்திலும் போதை தருவது எதனோல். சீனியைப் புளிக்கவைத்து வடிக்கும் கசிப்பிலும் பெரும்பாலும் அதுவே உண்டு. இலாபங் கருதித் தொழிற்சாலை மெதனோலைக் கலக்கும்போதே அது நஞ்சாகிறது. இரண்டும் நிறமற்றவை, குடிப்பவரின் நாவோ மூக்கோ வேறுபாடு காணாது.

ஈரலும் வேறுபாடு காண்பதில்லை. ஒரே நொதியமே இரண்டையும் மாற்றுகிறது. எதனோல் ஈற்றில் வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலமாகிறது. மெதனோலோ போமிக் அமிலமாகிக் கலங்களின் சுவாசத்தைத் தடுக்கிறது. பார்வை நரம்பு விரைவிலே பலியாகிறது. அமிலம் திரளப் பல மணித்தியாலங்கள் செல்வதால், பெரும்பாலும் மறுநாளே கண் மங்குகிறது. எங்கும் வெண்பனி படர்ந்தாற்போலத் தோன்றும். ஆகவே, அவர் கேட்டது போதையின் உளறலன்று; நஞ்சின் முன்னறிவிப்பு.

அவ்வேளையிற் சென்றிருந்தால் மருந்துண்டு. பொமெபிசோல் அந்நொதியத்தைத் தடுக்கும். அது கிடைக்காவிடத்து, வைத்தியர் அளந்து கொடுக்கும் எதனோலே மருந்தாகும். நொதியம் அதனையே முதலிற் பற்றிக்கொள்ள, மெதனோல் நஞ்சாக மாறாமல் உடலைவிட்டு நீங்க அவகாசம் கிட்டும். அதனைக் குருதிச் சுத்திகரிப்பால் விரைவாக அகற்றவும் இயலும்.

2024 ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியிலே 60க்கும் மேற்பட்டோர் மடிந்ததும் மெதனோல் கலந்த சாராயத்தினாலேயே. கலந்தவர் குற்றவாளிகள். ஆயினும், "குடித்தவன்தானே, தெளிந்துவிடும்" என்று நாம் கழிக்கும் மணித்தியாலங்களும் அந்நஞ்சுக்கே துணைபோகின்றன.

அந்த மனைவி இன்றும் கொழுந்து பறிக்கிறாள். குடித்த மறுநாள் எவரேனும் பனியென்று சொன்னதாகக் கேள்விப்பட்டால், முதலில் வாசலுக்கு வந்து வெயில் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.