பேரனின் தலையும் பாட்டியின் கையும்

குலதெய்வத்தின் சந்நிதியில் முடி காணிக்கை செலுத்திக் குழந்தையின் தலையில் சந்தனம் பூசும் வேளையில்தான் சில குடும்பங்களுக்கு அந்தக் கவலை பிறக்கிறது. முடி மறைத்திருந்த பின்மண்டை தட்டையாகத் தெரிகிறது. "பிள்ளையைச் சரியாகக் குளிப்பாட்டித் தலையை உருட்டிவிடவில்லையோ?" என்ற பேச்சு எழுகிறது. பழி இளந்தாயின் மேல் விழுகிறது. கள்ளக்குறிச்சி நகரத்து வீடானாலும் கல்வராயன் மலையின் சிற்றூரானாலும் அந்தத் தாயின் கண்ணீர் ஒன்றே.

உண்மையில் பழிக்கு இங்கு இடமில்லை. சிசுவின் மண்டையோடு ஒரே எலும்பன்று. மூளை வளர இடம் தருமாறு பல தகடுகளை இணைத்து இறைவன் அதை நெகிழ்வாகப் படைத்திருக்கிறான். உச்சிக்குழி மூடுவதற்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்தால், முதல் மாதங்களில் அந்தப் பக்கம் தட்டையாகிவிடுகிறது. இதனால் மூளைக்கு ஊறு நேர்வதில்லை. எட்டுக் கோணல்களுடன் பிறந்த அஷ்டாவக்கிரர் ஜனகரின் அவையில் ஞானத்தால் வென்றதை அறிந்தவர்கள், உருவத்தைக் கொண்டு அறிவை அளக்கமாட்டார்கள்.

சிசுக்களைக் குப்புற உறங்க வைக்கலாகாது என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. அதன்பின் அந்நாட்டில் உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. தட்டைத் தலைகள் பெருகின. தலையின் வட்டத்தைவிட மூச்சு பெரிது. ஆகவே உறங்கும்போது குழந்தை மல்லாந்தே படுக்க வேண்டும். கடுகுத் தலையணையும் வேண்டாம். அது மூச்சுக்கு இடையூறாகலாம். எண்ணெய் தேய்க்கும் கை மண்டையை அழுத்தாமல் வருடட்டும்.

குழந்தை விழித்திருக்கும் நேரம் பாட்டிக்கு உரியது. மடியில் சிறிது நேரம் குப்புறக் கிடத்திப் பேச்சுக் கொடுக்கலாம். தோளில் சாய்த்து உலாவலாம். வெளிச்சம் வரும் பக்கமே குழந்தை திரும்பிப் பார்க்கும். எனவே தலைமாடு கால்மாடு மாற்றிக் கிடத்தினால் தலை தானே மறுபக்கம் திரும்பும். விலையுயர்ந்த தலைக்கவசம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 2014இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், கவசம் அணிந்த குழந்தைகளுக்கும் அணியாத குழந்தைகளுக்கும் இரண்டு வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் கழுத்து எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும், மண்டையில் வரம்புபோல் கெட்டியான மேடு தென்பட்டாலும், தலை வளராமல் நின்றாலும் காத்திருக்கலாகாது. கழுத்துச் சாய்வுக்குப் பயிற்சி உண்டு. எலும்புப் பொருத்துகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். மலையிலிருந்து இறங்கி வருவது எளிதன்று. எனினும் 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி போடும்போதே செவிலியரிடம் தலையையும் காட்டிவிடலாம். அவர் சொன்னால், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே புறப்படுவது நலம்.

மற்றக் குழந்தைகளுக்கோ, எழுந்து உட்காரத் தொடங்கியதும் தட்டை மெல்ல நிறைகிறது. எஞ்சியதை முடி மறைத்துவிடும். மருமகளைக் குறை சொல்லிய வாய் அந்த மாதங்களில் அவளுக்கு ஆறுதல் சொல்லட்டும். அதுவும் இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையே.