அம்பது ரூபாய் பளபளப்பு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் தேய்மானம்தான் முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றால் எல்லோரும் 'ஆஹா' என்பார்கள். என் மனசு மட்டும் 'வருஷத்துக்குப் பதினைஞ்சு பர்சென்ட் போச்சே!' என்று அடித்துக்கொள்ளும்.

அந்தப் பதினைந்து, வருமான வரிக்காரர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு. தர்மபுரி வெயிலுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அது தன் இஷ்டத்துக்குக் கழிக்கும். ஆபீஸ் வாசலில் காலை ஒன்பதரைக்கு நிறுத்திய காரைச் சாயந்திரம் போய்த் திறந்து பாருங்கள். இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கும். இப்படி நாலு கோடை போனால் டாஷ்போர்டு வெளிறும், கறுப்பு பம்பர் நரைக்கும், ரெக்சின் சீட் கவர் வெடிக்கும், கதவு ரப்பர் அப்பளமாகும்.

இதற்குத்தான் கடையில் விதவிதமாக பாட்டில் விற்கிறான். டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், பம்பர் பாலிஷ்... ஷாம்பு விளம்பரம் மாதிரி எல்லாவற்றிலும் 'ஊட்டச்சத்து' வேறு! எதை வாங்குவது?

நான் இதில் இறங்கி விசாரிக்கக் காரணம் என் மாமனார். பென்னாகரம் பக்கம், ரிடையர்டு வாத்தியார். சேலத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், நான்தான் ஓட்டணும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை ஓட்டப்போகிற கார் அழுக்காக இருக்கலாமா? முதல் நாளே வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அம்பது ரூபாய் கூடக் கொடுத்து, "உள்ளேயும் பாலிஷ் போட்டுடுப்பா" என்று சொல்லியிருக்கிறார். பையனும் காசுக்கு வஞ்சனை இல்லாமல் போட்டிருக்கிறான். டாஷ்போர்டில் தலை சீவிக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு!

மார்கழி மாசம், பகல் பதினொரு மணி. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கார் தெற்கே பார்த்துத் திரும்பியது. சூரியன் நேரே டாஷ்போர்டில் விழுந்து, அங்கிருந்து முன் கண்ணாடிக்குத் தாவி, எதிரே பால் தெளித்த மாதிரி ஒரு வெள்ளைத் திரை.

பக்கத்து சீட்டில் இருந்த மாமனார் கண்ணைக் கசக்கினார். "மாப்ளே... எனக்குக் கண்புரை முத்திடுச்சுங்க. ரோடே தெரியலை."

"மாமா, எனக்கும் தெரியலை!"

தொப்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோடு லாரிகள் மூச்சு வாங்கி இறங்குகிற, விபத்துக்குப் பேர் போன சரிவு. பிரேக்கில் காலை வைத்தேன். செருப்பு வழுக்கியது. பையன் பெடல் ரப்பருக்கும் பாலிஷ் போட்டிருந்தான்! கியரைக் குறைத்து, இன்னொரு தரம் அழுத்தி மிதித்து, ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பின்சீட்டில் என் மனைவி, மடியில் நாலு வயசுப் பையன்.

மாமனார் ஒன்றும் பேசாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து டாஷ்போர்டு மேல் விரித்தார். வெள்ளைத் திரை போன இடம் தெரியவில்லை. (துண்டு நல்ல காவித் துண்டு. வெள்ளைத் துண்டாக இருந்தால் அதுவும் கண்ணாடியில் தெரிந்திருக்கும்.) செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெடலை மண் போட்டுத் தேய்த்துவிட்டு, சேலம் போய்ச் சேர்ந்தோம்.

அதற்கப்புறம்தான் தெரிந்த மெக்கானிக், பெயிண்டர், கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று ஒருத்தரையும் விடாமல் நச்சரித்தேன். கிடைத்த சாரம் இது.

முதலில் ரெக்சின். இதன் மூலப்பொருள் பி.வி.சி. தன்னளவில் அது ஒரு விறைத்த பண்டம். 1926-ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், அதை எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வளைந்து கொடுக்கும்படி ஆக்கினார். நமக்குப் பக்கத்து மேட்டூரிலேயே 1960-களில் பி.வி.சி. தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த எண்ணெய் உள்ளே இருக்கும்வரை ரெக்சின் மெத்தென்று இருக்கும். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினால் விறைத்து வெடிக்கும். முன் கண்ணாடியின் உட்புறம் பிசுக்கென்று ஒரு படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். அது மேலே உட்காருமே தவிர, போன எண்ணெயை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்காது. 'ஊட்டச்சத்து' எல்லாம் லேபிளோடு சரி. வெடித்ததை ஒட்டவைக்கவும் முடியாது. வெடிக்காததைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் கலந்தது. உள்ளே போட இதுவே நல்லது. கண்ணாடி மாதிரித் தெளிவாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, மண்ணெண்ணெய் வாசனை அடித்து, 'தீப்பற்றும்' என்றும் எழுதியிருந்தால் அது பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. ரெக்சினுக்கும் ரப்பருக்கும் அந்தச் சகவாசம் வேண்டாம். இதே காரணத்துக்காக டீசல் துணி போட்டுத் துடைக்கிற நம்ம ஊர் வைத்தியமும் வேண்டாம். கதவு ரப்பர் டீசலைக் குடித்து ஊதிப்போகும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. டாஷ்போர்டில் தடவினால் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் வந்து குடியேறும்.

அடுத்து, 'மேட் ஃபினிஷ்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டாஷ்போர்டு பளபளக்கக் கூடாது. சுத்தமாகத் தெரிந்தால் போதும். முதலில் ஈரத்துணியால் புழுதியை எடுத்து, காயவிட்டு, பாலிஷைத் துணியில் அடித்து (டாஷ்போர்டில் நேரே அடித்தால் கண்ணாடிக்கும் சுவிட்சுக்கும் தெறிக்கும்), மெல்லிசாகத் தடவி, பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மாசத்துக்கு ஒரு தரம் போதும்.

ஸ்டியரிங், பெடல், கியர் குமிழ் - இந்த மூன்றையும் தொடவே கூடாது. பைக் வைத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்கும்தான்! பைக் சீட்டுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு சடன் பிரேக் அடித்தால், பின்னால் இருப்பவர் உங்கள் முதுகில் வந்து உட்காருவார். டயரில் ரோட்டைத் தொடுகிற பட்டைக்குப் போட்டால் ஆஸ்பத்திரியில் போய் உட்காருவீர்கள். இன்னொன்று: கார் டிங்கரிங், பெயிண்டிங் போகப் போகிறதென்றால் சிலிக்கான் பாலிஷைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக நிற்கும். பெயிண்டர் உங்கள் பரம்பரையையே இழுப்பார்.

எல்லா பாட்டிலையும்விட நல்ல மருந்து நிழல். 2018-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கோடை வெயிலில் ஒரு மணி நேரம் காரை நிறுத்தி அளந்தார்கள். டாஷ்போர்டின் சராசரிச் சூடு சுமார் 69 டிகிரி செல்சியஸ். நிழலில் நிறுத்திய காரில் 48. இந்த இருபத்தொரு டிகிரியை எந்த பாட்டிலாலும் குறைக்க முடியாது. ஒரு புளிய மரம் குறைக்கும். மரம் கிடைக்காத இடத்தில் ஒரு துண்டோ, மடக்குகிற அட்டையோ முன் கண்ணாடிக்குப் போதும்.

கடைசியாக டயர். ரப்பரின் இயற்கை நிறம் கறுப்பில்லை. ஆரம்ப காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. 1898-ல் பிறந்த மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக நிற்பது அதனால்தான். இப்போதைய டயரில் கலக்கிற கரித்தூள் வெயிலைத் தாங்கும். கூடவே ஒரு மெழுகும் மருந்தும் கலந்து வைத்திருக்கிறார்கள். டயர் ஓட ஓட அவை மேலே கசிந்து வந்து காக்கும். ஓரத்தில் பழுப்பாகப் படிவதில் அந்த மருந்துக்கும் பங்கு உண்டு. அதை அழுக்கென்று பிரஷ் போட்டு தினம் தேய்க்காதீர்கள். ஓடாமல் ஷெட்டிலேயே நிற்கிற கார் டயர் சீக்கிரம் வெடிப்பதும், அந்த மெழுகு மேலே வராததால்தான்.

பழைய கார் வாங்கப் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் டயரை மை பூசின மாதிரி பளபளக்க வைத்திருப்பார். அதில் மயங்காமல் குனிந்து, டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் பிறந்த டயர். எத்தனை பாட்டில் பூசினாலும் அந்த நாலு இலக்கத்துக்கு வயசு குறையாது. பேரம் பேசுவதை அங்கிருந்து ஆரம்பியுங்கள்!