ஆறப் பொறுத்தல்



டிசம்பர் மாதம் வந்தால் குருமனைச் சமையலறையில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் தயாராவது வழக்கம். இவ்வாண்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறொரு ஆசை. கீதபவனி செல்லும் வீடுகளில் கொடுப்பதற்கு, நட்சத்திர வடிவில் சர்க்கரைக் குக்கிகள் செய்து, அவற்றின்மேல் ராயல் ஐசிங்கால் அலங்கரிக்க வேண்டும் என்றார்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் கற்றுக்கொடுக்க முன்வந்தாள். கடந்த சனிக்கிழமை நானும் ஒரு மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்தேன்.

225 கிராம் வெண்ணெயும் 200 கிராம் சர்க்கரையும் நுரைக்கக் குழைத்து, ஒரு முட்டையும் சிறிது வெனிலாவும் சேர்த்து, மூன்று கப் மைதாவைக் கலந்து பிசைந்தார்கள். உடனே அச்சை எடுத்த பிள்ளைகளை மகள் தடுத்தாள். மாவு ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் சூட்டில் சீக்கிரமே உருகி, நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கிவிடும் என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போக்க நான் ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நம்முடைய நாசரேத்தைப் போலவே, நாசரேத் என்று ஓர் ஊர் உண்டு. 1740-இல் மொராவிய சபையார் அங்கே குடியேறினார்கள். இந்தச் சர்க்கரைக் குக்கியின் தொடக்கம் அவர்களுடைய சமையலறைகளில்தான் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்லுவார்கள். அதே மொராவியர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஊழியம் செய்தார்கள். பிள்ளைகள் கதையைக் கேட்டார்கள். ஆனால் கண்கள் குளிர்சாதனப் பெட்டியின்மேலேயே இருந்தன.

ஒருவாறாக மாவைத் தேய்த்து, அச்சால் வெட்டி, 180 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் சுட்டெடுத்தார்கள். ஐசிங் ஏற்கெனவே தயார். பச்சை முட்டை வேண்டாம் என்று, ஐசிங் சர்க்கரையோடு மெரிங்க் பொடியையும் தண்ணீரையும் சேர்த்து அடித்திருந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. ஒரு சிறுமி, யாரும் பார்க்காத வேளையில், சூடு தணியாத ஒரு நட்சத்திரத்தின்மேல் ஐசிங்கை ஊற்றிவிட்டாள். வெண்மையான ஐசிங் நீர்த்து, ஓரங்களில் வழிந்து, தட்டில் குளமாய்த் தேங்கியது. குக்கியின்மேல் எண்ணெய்ப் பசையோடு ஒரு மங்கிய படலம் மட்டுமே மிஞ்சியது. அவள் கண்கள் கலங்கின. என் மனைவி அவளை அணைத்துக்கொண்டு, "ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா, கண்ணு?" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமியின் வீட்டில் நான் செய்த தவறு என் நினைவுக்கு வந்தது. அவளுடைய தாயாரின் அனுமதியோடு இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுடைய மூத்த மகன் சாலை விபத்தில் இறந்தான். வயது பத்தொன்பது. உடல் வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் அங்கே இருந்தேன். வேதாகமத்தைத் திறந்தேன். தேவனுடைய சித்தத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றியும் பேசினேன். நான் சொன்னவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாய் தலையை உயர்த்தி, "ஐயா, வேதத்தை மூடி வையுங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க" என்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரசங்கித்தவனுக்கு அது அவமானமாகத் தோன்றியது. சுருக்கமாக ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஐசிங்கில் குறையில்லை, குக்கியிலும் குறையில்லை. சூடு தணியவில்லை, அவ்வளவுதான். சத்தியமே ஆனாலும், கொதிக்கும் உள்ளத்தின்மேல் அவசரமாய் ஊற்றப்பட்டால் அது நில்லாமல் வழிந்துபோகிறது. நம் தமிழில் தேற்றுதலுக்கு 'ஆறுதல்' என்று பெயர். சூடு தணிவதும் ஆறுதல். புண் குணமாவதும் ஆறுதல். ஆறவிடாமல் ஆறுதல் இல்லை என்பதை நம் மொழியே நமக்குச் சொல்லித் தருகிறது.

யோபுவின் சிநேகிதராகிய எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகியோரை நாம் எளிதில் குறை சொல்கிறோம். ஆனால் யோபு புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த ஊழியத்தில் மிகச் சிறந்தது அந்த மவுனமே. என்னால் ஏழு நிமிடங்கள் கூட அப்படி இருக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, இத்துடன் நிறுத்தினால் நான் பாதி உண்மையையே சொன்னவன் ஆவேன். என் இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அடக்க ஆராதனை முடிந்தபின், 'காலம் ஆற்றட்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நான்கு மாதங்கள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அதைப் பொறுமை என்று அழைத்தேன். உண்மையில் அது மனவருத்தம்.

ராயல் ஐசிங்குக்கு இன்னொரு குணம் உண்டு. திறந்து வைத்தால் சில நிமிடங்களிலேயே மேலே ஏடு படிந்து இறுகத் தொடங்கும். பிறகு குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே குக்கி ஆறும்வரை ஐசிங் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். காத்திருப்பது வேறு, காய்ந்துபோவது வேறு. நான் காய்ந்துபோயிருந்தேன்.

அந்த நான்கு மாதமும் என் மனைவி ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தாள். உள்ளி உரித்துக் கொடுப்பாள், துணி மடிப்பாள், அவர்கள் அழுதால் கூட அழுவாள். ஒருநாள் என்னையும் அழைத்துப் போனாள். நான் வேதாகமத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்தத் தாய் தம் மகனைப் பற்றிப் பேசினார்கள், நான் கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். புறப்படும்போது அவர்களே, "ஐயா, இப்போ ஜெபம் பண்ணுங்க" என்றார்கள்.

பெத்தானியாவில் நம் ஆண்டவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். லாசருவை எழுப்பப்போவதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் மரியாள் அழுவதைக் கண்டு, கல்லறையைத் திறக்கச் சொல்லுமுன் தாமும் கண்ணீர் விட்டார். அற்புதத்தைக் கையில் வைத்திருந்தவரே முதலில் அழுதார் என்றால், வெறும் வார்த்தைகளை வைத்திருக்கிற நமக்கு என்ன அவசரம்?

கிறிஸ்துமஸ் காலத்தில் மகிழ்ச்சி எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. உங்கள் தெருவிலும் இவ்வாண்டு நட்சத்திரம் தொங்கவிடாத ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் அங்கே செல்லுங்கள். என்ன சொல்வது என்று தயங்கி நின்றுவிடாதீர்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலே போங்கள். உட்காருங்கள். மறுவாரமும் போங்கள்.

அந்தச் சிறுமிக்கு என் மகள் வேறொரு நட்சத்திரம் கொடுத்தாள். அது முழுவதும் ஆறியபின், முதலில் கெட்டியான ஐசிங்கால் விளிம்பு கட்டி, பிறகு நெகிழ்வான ஐசிங்கால் உள்ளே நிரப்பி, இரவெல்லாம் உலரவிட்டார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் ஓடிவந்து, அந்த வெண்மையின்மேல் சிவப்பு ஐசிங்கால் தன் அண்ணனின் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். சிவப்பு பரவவில்லை, கோடு நின்றது. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மாவிடம் காட்ட வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அன்பின் பிதாவே, துக்கப்படுகிறவர்களின் அருகில் அமைதியாய் அமர்ந்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். காத்திருக்கும் நாள்களில் எங்கள் இருதயம் இறுகிப்போகாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்