ஒழுகும் படுதா: ஒரு ஜீப்பின் மழைக்கால நாட்குறிப்பு

வைகாசி 8

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ள வால்பாறையில், தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடும் இந்தப் பழைய ஜீப்புக்குத் தகரக் கூரை கிடையாது. வளைத்த குழாய்களின்மேல் இழுத்துக் கட்டிய பருத்திக் கேன்வாஸ் படுதாவே அதன் கூரை; பக்கத்திரைகளும் பின்திரையும் ரெக்ஸின், அதாவது நெய்த துணியின்மேல் பி.வி.சி. பூசிய விரிப்பு. இரண்டும் மழையைத் தடுப்பவையே என்றாலும் தடுக்கும் முறை வேறு. ரெக்ஸினின் பூச்சு வெடிக்காதவரை நீர் நுழைய அதில் வழியே இல்லை. கேன்வாஸோ சந்துகள் நிறைந்த நெசவாக இருந்தும், ஈரம் பட்டதும் பருத்தி இழைகள் பருத்து அச்சந்துகளைத் தாமே அடைத்துக்கொள்வதால் நீரை நிறுத்துகிறது. புதுக் கேன்வாஸ் முதல் மழையில் கசிவதும், நனைந்து காய்ந்தபின் தேறுவதும் இதனாலேயே.

இவ்வகை வண்டியின் கூரை, பிறப்பிலேயே, மழையை முதற்கருத்தாகக் கொண்டதன்று. 1941-இல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய ஜீப்பில், முன்கண்ணாடி எஞ்சின் மூடியின்மேல் மடிந்து படியும். படுதாவும் அதன் குழாய்களும் கழன்று வரும். 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கிய ஜீப்புகளுக்கும், அவற்றின் வழிவந்தவற்றுக்கும் இந்த அமைப்பே அடிப்படையாயிற்று. கழற்றக்கூடிய ஒவ்வோர் இடமும் ஒரு மூட்டு. ஒவ்வொரு மூட்டும் நீருக்கு ஒரு வாசல். ஆகவே ஒழுகலைத் துணியின் குற்றமாக எண்ணிப் படுதா முழுவதும் எதையேனும் பூசும் வழக்கம், பெரும்பாலும் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதாகவே முடிகிறது.

வைகாசி 10

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1 என்பதால், வைகாசியின் முதற்பாதியே சோதனைக்கு உரிய காலம். உள்ளே சொட்டும் இடத்தைக் கொண்டு நீர் நுழையும் இடத்தைத் தீர்மானிக்க இயலாது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் புகும் நீர் குழாயின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடி, பின் இருக்கைக்கு மேலே சொட்டுவது உண்டு. ஆகையால் ஒருவர் கைவிளக்குடனும் சாக்கட்டியுடனும் உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து ரப்பர்க்குழாயால் மெல்லிய நீரைக் கீழிருந்து மேலாக, ஒரு மூட்டில் சிறிது நேரம் நிறுத்திவிட்டு அடுத்த மூட்டுக்கு நகரும் முறையில் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்திறங்கும் நீர் எல்லா மூட்டுகளையும் ஒருசேர நனைத்துவிடும். குற்றவாளி எது என்பது தெரியாமலே போகும்.

சோதனையில் கேன்வாஸின் பரப்பு ஏறக்குறைய முழுவதும் குற்றமற்றதென்று தெரிந்தது. நீர் வந்தது முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலும், கூரையின் நடுத்தையலிலும், ஓட்டுநர் கதவுக்கு மேலிருந்த மடிப்பிலும். இவற்றோடு, நடுக்குழாய்க்கும் பின்குழாய்க்கும் இடையே துணி தொய்ந்து ஒரு குளமே தேங்கியது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. தேங்கிய நீர் துணியை மேலும் இழுக்க, தொய்வு ஆழமாகி, இன்னும் நீர் சேர, தையல்கள்மேல் விழும் சுமை கூடிக்கொண்டே போகிறது.

வைகாசி 11

எதையும் பூசுவதற்குமுன் செய்ய வேண்டியது இழுத்துக் கட்டுதல். பின்புற வார்களைப் பக்கிள்களில் மேலும் ஒரு துளை இறுக்கி, தொய்வுக்கு அடியில் குழாயோடு குழாயாக ஒரு நீளப்பட்டை வாரை முன்னிருந்து பின்னாகக் கட்டியதும் குளம் மறைந்தது. இவ்வளவு எளிய வேலைக்கு வண்டிப் பட்டறைகளில் மதிப்பில்லை. புட்டியில் அடைத்து விற்கும் மருந்துக்கே மதிப்பு.

வைகாசி 12

கழுவும் நாள். பாசியும் பூஞ்சையும் பிடித்த துணியில் மெழுகு ஏறாது. ஆனால் அவற்றைப் போக்கச் சலவைத்தூளைப் பயன்படுத்துவது எதிர்விளைவையே தரும். சலவைத்தூளின் இயல்பே நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துணிக்குள் புகச்செய்வது என்பதால், அலசாமல் தங்கிவிட்ட மிச்சம் அடுத்த மழையிலும் அதே பணியைச் செய்யும். மென்மையான சோப்பு, தூரிகை, மிகுதியான நீர் ஆகியவை போதும். வெளுப்பான் பூஞ்சையின் கறையை நீக்கினாலும் பருத்தி இழையையும் நூலையும் சேர்த்தே அரிக்கும். கழுவிய படுதா வண்டியிலேயே இழுபட்ட நிலையில் முற்றும் காய வேண்டும். ஈரத்தோடு மடித்து வைப்பது பூஞ்சையை விதைப்பதற்கு ஒப்பாகும்.

வைகாசி 14

நடுத்தையலை ஆராய்ந்தபோது, ஒழுகலின் காரணம் நூலில் இருப்பது புலனாயிற்று. பழைய கேன்வாஸ் வேலைகளில் பருத்தி நூலே வழங்கியது. அதுவும் துணியைப் போலவே நனைந்து பருத்து ஊசித்துளையை நிரப்பிவிடும். இந்தப் படுதாவை இடையில் ஒருமுறை பிரித்துத் தைத்த குஷன் கடையில் பாலியஸ்டர் நூல் பயன்பட்டிருக்கிறது. பாலியஸ்டர் எளிதில் மட்காது, வெயிலையும் தாங்கும். ஆனால் அது பருப்பதில்லையாதலால் ஊசித்துளைகள் திறந்தே நிற்கின்றன. இரண்டின் நற்பண்பையும் சேர்க்கும் பொருட்டு, பாலியஸ்டர்க் கருவின்மேல் பருத்தி சுற்றிய நூலும் உண்டு.

மறுதையல் இப்போது தேவையில்லை என்று முடிவாயிற்று. பழைய துளைகளுக்கு அருகே புதிய துளைகளையும் இட்டால் துணி அவ்வரிசையில் கிழியக்கூடும். தேன்மெழுகும் பாரஃபின் மெழுகும் உருக்கிச் சேர்த்த கட்டியைத் தையலின் வெளிப்புறத்தில் அழுத்தித் தேய்த்து, சூடான காற்றால் இளக்கி, நூலுக்குள்ளும் துளைக்குள்ளும் இறங்கவிடுவதே மேற்கொண்ட முறை. மெழுகேறிய துணி எளிதில் தீப்பற்றும். புகை பிடிப்பவர்கள் ஏறும் வண்டியில் இது கருதத்தக்கது. ரெக்ஸின் திரைகளில் மெழுகு தேய்ப்பது வீண், அது உள்ளே இறங்காமல் மேலேயே பிசுபிசுத்து நிற்கும். மண்ணெண்ணெய் கலந்த பூச்சோ தீங்கு, அது பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருளை வெளியே இழுத்து, மடிப்புகளில் வெடிப்பை விரைவுபடுத்தும். திரைகளின் வெடிப்புகளுக்கு அதே வகை ரெக்ஸின் ஒட்டும் பி.வி.சி. பசையுமே ஏற்றவை.

வைகாசி 16

முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் முன்பு யாரோ சிலிக்கான் பசையைப் பட்டையாக இழுத்திருந்தார்கள். இதைப் பற்றிச் சிறிது கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ந்த சிலிக்கானின்மேல் சிலிக்கானைத் தவிர வேறெதுவும் சரியாக ஒட்டாது; காடி நெடி வீசும் வகை காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால் இரும்பையும் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு பக்கத்தை அடைத்தால் நீர் மறுபக்கத்தில் சிறைப்படுகிறது. சட்டத்தின் உட்புறத்தில் துரு தொடங்கியிருந்தது அதனாலேயே.

பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து வண்ணம் பூசியபின், சட்டத்தின் நீளத்துக்கும் உட்குழிவான ரப்பர் பீடிங் பொருத்தப்பட்டது. பீடிங் தடுப்பது தன் ஒட்டும் தன்மையாலன்று, நசுங்கும் தன்மையால்; படுதாவின் முன்விளிம்பு அதை அழுத்தும் அளவுக்கு இறுகினால்தான் அது பயன்படும். கதவுக்கு மேலுள்ள மடிப்பில் குறை வேறாக இருந்தது: கீழடுக்கு வெளியேயும் மேலடுக்கு உள்ளேயுமாகத் தைக்கப்பட்டிருந்ததால், ஓட்டுக்கூரையில் ஓடுகளைத் தலைகீழாக அடுக்கியதைப் போல, வழியும் நீரை அது இருகை நீட்டி வரவேற்றது. மடிப்பைப் பிரித்து முறை மாற்றித் தைத்ததன்றி அங்கே வேறொன்றும் செய்ய நேரவில்லை.

ஆனி 2

பருவமழை வந்து நிலைத்தபின் கிடைத்த முதல் முழுச்சோதனை. நின்ற வண்டியில் ஒரு சொட்டும் இல்லை. ஆழியாற்றிலிருந்து ஏறும் மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடியபோதோ, முன்விளிம்பில் மீண்டும் ஈரம் தென்பட்டது. ஓடும் வண்டியின் முன்கண்ணாடியில் மோதும் காற்று மேல்நோக்கி ஏறும்போது நீரையும் ஏற்றிச் செல்கிறது. கீழே வழியும் நீருக்காக அமைந்த மடிப்பு, மேலே ஏறும் நீரைத் தடுக்காது. அத்துடன், கூரைக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைவதால் துணி உப்பி, விளிம்பு பீடிங்கைவிட்டுச் சிறிது தூக்கப்படுகிறது. குழாய்நீர்ச் சோதனை இதைக் காட்டியிருக்க வழியில்லை. விளிம்பில் இரு பொத்தான்களுக்கு இடையே மேலும் ஒரு பொத்தானை வைத்ததும் குறை பெரிதும் தணிந்தது. முற்றும் நீங்கியதென்று கூற முடியாது, இவ்வகைக் கூரையில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

பின் இருக்கையில் ஒரே இடத்தில் சொட்டியதற்குக் காரணம் பயணியின் தலை. நனைந்த கேன்வாஸின் உட்புறத்தில் எதுவும் தொடர்ந்து உரசினால், இழைகளுக்கிடையே நிற்கும் நீர்ப்படலம் உடைந்து அவ்விடத்தில் நீர் ஊடுருவும்.

ஆடி 5

திரைகள் எல்லாவற்றையும் அடைத்து ஓடும் நாள்களில் ரெக்ஸினின் உட்புறத்தில் அரும்பும் துளிகள் ஒழுகல் அல்ல. பயணிகளின் மூச்சிலும் ஈர உடைகளிலும் இருந்து எழும் ஆவி குளிர்ந்த பரப்பில் படிவது. துடைத்த இடத்திலேயே, மழை பெய்யாதபோதும் துளி மீண்டும் தோன்றினால் அது ஆவி என்று கொள்ளலாம். அதற்கு மருந்து பசையன்று. பின்திரையின் மேல்பகுதியைக் கையகலம் திறந்துவைத்தலே.

தரையிலிருந்த கனத்த விரிப்பு இன்று அகற்றப்பட்டது. அதனடியில் ஈரம் காயாமல் கிடந்தது; தரைத்தகட்டின் வடிகால் துளைகளையோ ரப்பர் அடைப்பான்கள் மூடியிருந்தன. அடைப்பான்கள் மழைக்காலம் முடியும்வரை கருவிப்பெட்டியில் இருக்கும்.