பெயரெழுதாத சித்திரக்காரர்

கல்வெட்டில் பெயருள்ளவனுக்கே சரித்திரம் உண்டு என்று நம்மவர் நெடுநாளாக எண்ணி வந்திருக்கின்றனர். அரசன் வென்றான், அரசன் கட்டினான் என்பதே நாம் படித்த பாடம். கல் சுமந்தவன் யார், காடு வெட்டியவன் யார் என்று கேட்பாரில்லை. இவ்வெண்ணம் தவறு என்பதைப் பேராக் மாநிலத்து மலைச்சுவர் ஒன்று நமக்குக் காட்டுகிறது.

உலு திராமைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற மேடுகளே உண்டு. சுண்ணாம்புக் குன்றுகள் இல்லை. ஆதலால் நாம் வடக்கே ஈப்போ வரை சென்று, அதனை அடுத்த தம்புனில் அச்சுவரைக் கண்டோம். செங்குத்தான பாறையில், தரைக்கு வெகு உயரத்தில், செந்நிறச் சித்திரங்கள்! 1959ஆம் ஆண்டில் குர்க்காப் படையின் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டு தெரிவித்தார். முதலில் நூற்றுக்கும் குறைவாகவே எண்ணப்பட்டன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நோயல் ஹிடால்கோ தான் என்பார் நடத்திய ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தபோது, அவை 600க்கும் மேற்பட்டவை எனத் தெரிந்தது. அவ்வுருவங்களில் ஒன்றைக் கடற்பசு என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நம் ஜோகூரின் சிபு, திங்கித் தீவுகளருகே மேயும் அதே பிராணிதான்.

இவற்றைத் தேவர் வரைந்தனர் என்றோ, பேய் வரைந்தது என்றோ கதை கட்டுவார் உண்டு. வரைந்தவன் மனிதன். அவன் கையாண்டது இரும்புச்சத்துள்ள செம்மண் கல்லின் பொடி. அப்பொடியில் கரியணு இல்லாமையால் அதன் வயதைக் கரியணு முறையால் நேரே கணக்கிட இயலாது. கரியால் வரைந்தவற்றுக்கு அது இயலும். சரவாக்கின் சிரே குகையில் கரிக்கோட்டு உருவங்கள் சில 1670க்கும் 1830க்கும் இடைப்பட்டவை என 2023இல் அறியப்பட்டது அவ்வாறே. சித்திரத்தின்மேல் படிந்த சுண்ணாம்பு ஏட்டின் வயதை அளப்பது மற்றொரு வழி. அதனால் சுலாவெசித் தீவின் ஓவியம் ஒன்று குறைந்தது 51,200 ஆண்டு பழமையுடையது என 2024இல் வெளியாயிற்று. ஏட்டைச் சுரண்டினால் ஓவியம் மட்டுமன்று, அதன் வயதுக்குரிய சாட்சியமும் அழியும்.

நிற்க. தம்புன் சுவரை மழையும் பாசியும் ஒருபுறம் தின்கின்றன. மறுபுறம், கண்டுபோக வந்தோரில் சிலர் தம் பெயரை அதன்மேல் எழுதிச் சென்றிருக்கின்றனர். சித்திரம் வரைந்தவன் தன் பெயரை எழுதவில்லை. ஒன்றும் வரையாதவன் எழுதிவிட்டான்! அக்கிறுக்கலைக் கண்டபோது நமக்கு நம் பாட்டியாரின் நினைவு வந்தது. உலு திராம் தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய அவருக்குக் கையெழுத்துத் தெரியாது. சம்பள நாளில் கிராணியார் நீட்டிய செக்ரோலில் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். உழைத்தார் என்பதற்கு அவர் இட்ட அடையாளம் அவ்வொன்றே. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது அந்தச் செக்ரோல்கள் குப்பையோடு போயின. அவர் சீவிய மரங்களும் இன்றில்லை.

பெயரற்றவர் இட்ட அடையாளத்தின் அருமை தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கன்றி வேறு யாருக்கு நன்கு விளங்கும்? ஆதலால் குகைக்குச் செல்லும் தோழர்கள் சுவரைத் தொடாதிருங்கள்; கைவியர்வையின் உப்பும் எண்ணெயும் அதைக் கெடுக்கும். நீர் தெளிப்பதும், சூடம் கொளுத்துவதும், பொட்டிட்டு வணங்குவதும் வேண்டா. கண்ணால் பாருங்கள், படம் பிடியுங்கள், பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைக் கல்லுடைக்கும் குவாரிகள் கரைத்துவருங்கால், எஞ்சியவற்றைக் காக்குமாறு கேட்கும் குரல்களில் நம் குரலும் ஒன்றாகட்டும்.

வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய செக்ரோல் தாளோ, லயத்துப் புகைப்படமோ கிடக்குமாயின், அதையும் பத்திரப்படுத்துங்கள். அதில் இருப்பது வெறும் மைக்கறையன்று. ஒரு மனிதர் இங்கே வாழ்ந்தார் என்னும் சாட்சியம்.